கருப்பு கேக்கும்னு இருக்கலாமா?

1997-98இல் சன் டி.வி.யில் ‘விடாது கருப்பு’ ஓடியது. மதுரையில் வாழ்ந்த இந்திரா சௌந்தர்ராஜனின் நாவல். நாகா இயக்கிய தொடர். குதிரையில் கருப்பு வரும், தப்புச் செஞ்சவன் சாவான். மறுநாள் தல்லாகுளம் டீக்கடையில் இதே பேச்சுதான்: ‘வந்தது சாமியா, மனுசனா? அடுத்து யாரு?’

இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. சித்திரையில் தல்லாகுளம் வரும் அழகரே பதினெட்டாம்படிக் கருப்பிடம் உத்தரவு வாங்கித்தான் கிளம்புவார். போலீசு கைவிட்ட சனம் அந்தக் கதவு முன்னால் நின்று ‘நீயே கேளு’ என்று முறையிட்டது. ஆனால், தண்டிக்கிற வேலையைச் சாமியிடம் விட்டுவிட்டால் பார்த்தவனுக்கு என்ன வேலை?

அதே 1997, ஜூன் 30. மேலூர் பக்கம் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசன் உட்பட 6 தலித்துகளைப் பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றது ஆதிக்க சாதிக் கும்பல். தலித் ஒருவர் தலைவரானதே அவர்களுக்குக் குற்றம். குதிரை வரவில்லை. கொன்றது யாரென்பதில் மர்மமும் இல்லை. அதைச் சொல்லத்தான் துணிச்சல் வேண்டியிருந்தது. உயிருக்கு அஞ்சாமல் கூண்டேறிச் சாட்சி சொன்னவர்களால்தான் 2001இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அவர்களில் 13 பேரை 2019இல் அரசு முன்கூட்டியே விடுவித்தது. அதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போனதும் மனுசங்கதான்.

‘கருப்பு கேக்கும்’ என்பது ஆறுதல். அதையே நியாயம்னு நம்பி உட்கார்ந்தால் கடைசிவரை பார்வையாளர்தான். சாமி பார்த்திருக்கலாம், கூண்டில் ஏறி அது சொல்லாது. நாமதான் சொல்லணும்.