கல்லறை இல்லாத ஆசிரியர்



நமது திருகோணமலைத் துறைமுகத்துக்கு எத்தனையோ அந்நியர் வந்தார்கள். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என எல்லோரும் கோட்டையையும் கப்பலையும் நாடி வந்தவர்கள். காலம் வந்தபோது போய்விட்டார்கள். 1957-இல் பிரித்தானியக் கடற்படையும் துறைமுகத்தைக் கையளித்துவிட்டுப் புறப்பட்டது. ஆனால் நம் பிள்ளைகளுக்குப் படிப்பிக்க வந்து, திரும்பிப் போகாத அந்நியரும் உண்டு. அவர்களில் ஒருவர் யேசு சபைக் குருவான யூஜின் ஜோன் ஹெபியர் சுவாமி.

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் 1923-இல் பிறந்த அவர், 1948-இல் இலங்கைக்கு வந்தார். திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரியிலும் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் பிள்ளைகளோடு வாழ்ந்தார். கூடைப்பந்துப் பயிற்சியாளராக அவரை அறிந்தவர்கள் அநேகர். பின்னர் மட்டக்களப்பில் இளைஞருக்குக் கைத்தொழில் கற்பிக்கும் நிறுவனத்தை நடத்தினார். சமாதானக் குழுவிலும் உழைத்தார்.

1990-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் கிழக்கு மாகாணம் இரத்தக் கண்ணீர் வடித்த மாதம். தமிழரும் முஸ்லிம்களும் தத்தம் வீட்டு மரணங்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். அம்மாதம் 15-ந் தேதி, தேவமாதாவின் விண்ணேற்புத் திருநாள். அன்று சுவாமி ஒரு தமிழ் இளைஞனுடன் ஸ்கூட்டரில் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டார். இருவரும் வந்து சேரவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

அன்பானவர்களே, இங்கேதான் நம் விசுவாசம் சோதிக்கப்படுகிறது. அடக்கம் செய்யாதவருக்காக எப்படி மன்றாடுவது? இருக்கிறார் என்று செபிப்பதா, இறந்தார் என்று செபிப்பதா? இந்தக் கேள்வி உங்களில் பலருடைய வீட்டிலும் இருக்கிறது. மகனின் படத்துக்கு மாலை போடவும் மனம் வராமல், போடாதிருக்கவும் முடியாமல் தவிக்கும் தாய்மாரை நாம் அறிவோம்.

அவர்கள் புனித சூசையப்பரை நினைக்கட்டும். அவர் திருக்குடும்பத்தின் தலைவர்; திருப்பாலனுக்குத் தச்சுத் தொழில் கற்பித்த ஆசிரியர். ஆனால் அவர் எப்போது மரித்தார், எங்கே அடக்கப்பட்டார் என்று சுவிசேஷம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவர் கல்லறை நமக்குத் தெரியாது. ஆயினும் திருச்சபை அவரையே நல்மரணத்தின் பாதுகாவலர் என்று கொண்டாடுகிறது! மனிதர் அறியாத கல்லறையை இறைவன் அறிவார். நாம் நாள் குறிக்க முடியாத மரணத்தையும் அவர் குறித்து வைத்திருக்கிறார். ஆகவே தயங்காமல் அவர்களுடைய பெயரைச் சொல்லிப் பூசை ஒப்புக்கொடுங்கள். அவர் உயிரோடிருந்தாலும் மரித்திருந்தாலும், அந்த மன்றாட்டு வீணாகாது.

ஆனால் செபிப்பது வேறு, மறந்துவிடுவது வேறு. காயீனைப் பார்த்து, அவன் தம்பி எங்கே என்று முதலில் கேட்டவர் கடவுளே. காயீன் மழுப்பினான், கடவுள் விடவில்லை. எனவே காணாமற்போனவர் எங்கே என்று கேட்கும் தாய் பழிவாங்கத் துடிப்பவள் அல்ல. கடவுளின் கேள்வியையே அவள் கேட்கிறாள். அவளோடு நிற்பது நம் கடமை. அவள் தமிழ்த் தாயானாலும், முஸ்லிம் தாயானாலும், சிங்களத் தாயானாலும் கடமை ஒன்றே.

சுவாமிக்கு மனைவி மக்கள் இல்லை. ஆனால் அவரிடம் படித்த பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்களில் பலர் இன்று பேரப்பிள்ளைகளைக் கண்டவர்கள். அவர்களுடைய நேர்மையும் உழைப்பும் அவருக்கு நாம் எழுப்பக்கூடிய கல்லறைக்கல்.

இன்றிரவு குடும்பச் செபமாலையில், திரும்பி வராத ஒருவருடைய பெயரைச் சத்தமாகச் சொல்லுங்கள். அதைப் பிள்ளைகள் கேட்கட்டும். அவர் யார் என்று அவர்கள் கேட்டால், மறைக்காமல் சொல்லிக் கொடுங்கள்.