கூண்டின் அமைதி

செந்தூலில் இரயில்வேப் பட்டறை இயங்கிய காலத்தில் வாசலில் கிடந்த நாய்க்குத் தனிமை புதிது. பகலில் வீட்டில் எவரேனும் இருந்தனர். இன்றோ வரிசை வீடுகளில் கணவனும் மனைவியும் பணிக்குச் சென்றதும் நாய் ஊளையிடுகின்றது, கதவைப் பிறாண்டுகின்றது. அண்டை வீட்டார் முறையிடவே, கூண்டு வாங்கப்படுகின்றது. அஃது யாருக்காக?

கதவைத் திறந்தே வைத்து, உள்ளே உணவிட்டு, நாள்தோறும் சிறிது சிறிதாகப் பழக்கினால் கூண்டு நாய்க்குப் புகலிடமாகலாம். பிரிவச்சத்தால் நடுங்கும் நாயைத் திடீரென அடைத்தாலோ, கம்பியைக் கடித்துப் பல்லையும் உடைத்துக்கொள்ளும். வீண் துன்பம் விளையுமாறு விலங்கை அடைத்துவைப்பதை மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் குற்றமென்கின்றது. ஆயினும் ஓசையின்றி நடுங்கும் நாயைச் சட்டம் எங்ஙனம் காணும்? அடங்கியது அச்சமா, குரல் மட்டுமா என்பதை, மாலையில் கூண்டைத் திறப்பவரே அறிய முடியும். எச்சிலால் நனைந்த விரிப்பு அங்கேதான் கிடக்கின்றது.