வினைமுதல் இல்லாத வினை

குழந்தைக்குப் புற்றுநோய் 'வந்தது' என்கிறோம். யார் செய்தது என்று அந்த வாக்கியம் சொல்வதில்லை. ஆனால் கேட்பவர் உடனே ஆளைத் தேட ஆரம்பித்துவிடுகிறார். முன்வினை, பெற்றோர் செய்த பாவம், கர்ப்பத்தில் தாய் தின்றது, தின்னாதது. வினை இருந்தால் வினைமுதல் இருந்தாக வேண்டும் என்பது இலக்கணத்தைக் காட்டிலும் பழைய பிடிவாதம். குழந்தைப் புற்றின் பிறவிமூலத்தைத் தேடிய ஒரு கணக்கு இந்தப் பிடிவாதத்தை என்ன செய்தது என்றுதான் சில நாட்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

1971ல், ஹூஸ்டன் நகரின் எம். டி. ஆண்டர்சன் மருத்துவமனையில் இருந்த ஆல்ஃபிரட் நட்சன் 48 குழந்தைகளின் பதிவுகளை வைத்து ஒரு கட்டுரை வெளியிட்டார். எல்லோருக்கும் விழித்திரைப் புற்று. வெளிச்சம் பட்டால் கண்மணி பூனைக்கண்போல் வெளுத்து மின்னும். பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வந்துவிடுகிற நோய். அந்தக் கட்டுரைக்காக அவர் எந்தச் சோதனைக் குழாயையும் தொடவில்லை. நோய் தெரிந்தபோது குழந்தைக்கு எத்தனை மாதம், ஒரு கண்ணிலா இரண்டிலுமா, குடும்பத்தில் முன்பு உண்டா. மூலப்பொருள் இவ்வளவுதான்.

இரண்டு கண்ணிலும் கட்டி வந்த குழந்தைகளில் ஒவ்வொரு வயதிலும் இன்னும் நோய் தெரியாதிருந்தவர்களின் பங்கை மடக்கை அளவில் குறித்தால் கிட்டத்தட்ட நேர்கோடு விழுந்தது. கதிரியக்கப் பொருள் சிதைவதும் அப்படித்தான்; ஒரே ஒரு நிகழ்ச்சிக்காகக் காத்திருக்கும் எதற்கும் அந்தக் கோடு. ஒரு கண்ணில் மட்டும் வந்தவர்களின் கோடு வளைந்தது, தாமதித்தது. ஒரே செல்லில் இரண்டு அடி விழக் காத்திருக்கிறது என்பதற்கு அடையாளம். ஆக, முதல் வகைக் குழந்தை முதல் அடியை உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் பிறக்கும்போதே ஏற்று வருகிறது, ஒன்றுதான் பாக்கி. மற்றக் குழந்தைக்கு இரண்டும் பிறகு நேர்ந்தவை. எந்த ஜீனையும் யாரும் பார்க்காத நிலையில் சொல்லப்பட்டது இது. இரண்டு அடிகளும் ஒரே ஜீனின் இரண்டு பிரதிகள் மேல் விழுகின்றன என்பது பிற்பாடு தெளிவாயிற்று. 13வது குரோமோசோமில் அந்த ஜீன் அகப்பட்டது 1986ல்.

என்னை நிறுத்திய இடம் வேறு. முதல் அடியோடு பிறந்த குழந்தைக்குச் சராசரி மூன்று கட்டிகள் தோன்றும் என்று நட்சன் கணக்கிட்டார். சராசரி மூன்று என்றால், தற்செயலின் கணிதப்படி, நூற்றுக்கு ஏறக்குறைய ஐந்து பேருக்கு ஒன்றுகூடத் தோன்றாது. அந்த ஐந்து பேர் அதே சுமையோடு, ஒன்றும் அறியாமல், பள்ளிக்கூடம் போய், கல்யாணம் பண்ணிக்கொண்டு, பிள்ளை பெறுவார்கள். புண்ணியம் செய்தவர்களா? இல்லை. கைநிறைய நெல்லை அள்ளிக் கட்டங்களின் மேல் விசிறினால் சில கட்டங்கள் காலியாக நிற்கும், அவ்வளவுதான். எத்தனை பேர் என்பது ஏறக்குறைய நிச்சயம். எவர் என்பது நிச்சயமே இல்லை. விதியை நம்புகிறவர் இதை ஏற்கமாட்டார். அவருக்கு வேண்டியது எண்ணிக்கை அல்ல, ஆள்.

கம்ப்யூட்டர் வந்தபின் தேடல் பெரிதாயிற்று. குழந்தையின் கட்டியிலிருந்தும் நல்ல ரத்தத்திலிருந்தும் 300 கோடி மரபெழுத்துக்களைப் படித்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கிறார்கள். குழந்தையை அதே குழந்தையோடு ஒப்பிடுகிற வேலை. கட்டியில் மட்டும் இருப்பது பிறகு நேர்ந்தது. இரண்டிலும் இருப்பது கூடவே வந்தது. (எழுத்து மிகுதல், மாறுதல், விடுபடுதல் என்று இவர்கள் தேடும் மூன்றும் நன்னூல் விகாரம் என்று சொல்லும் தோன்றல், திரிதல், கெடுதலைப் போலவே இருக்கின்றன. ஆனால் புணர்ச்சி விகாரத்துக்கு விதி உண்டு. இங்கே பெரும்பாலும் தற்செயல். அப்படியும் நாம் தமிழில் இதைப் 'பிழை' என்று எழுதிவிடுகிறோம். பிழை என்று எழுதியதும் பிழை செய்தவன் வந்து நிற்கிறான்.) 2015ல் மெம்ஃபிஸ் நகரின் செயின்ட் ஜூட் மருத்துவமனை ஆய்வாளர்கள் புற்றுநோய் கண்ட 1120 சிறுவர் சிறுமியரிடம் தேடியதை வெளியிட்டார்கள். நோய்க்கு இடங்கொடுக்கும் பிறவி மாற்றம் அகப்பட்டது 8.5 சதவீதம் பேரிடம். அவர்களிலும் பலருடைய குடும்பத்தில் முன்கதை இல்லை. மற்றவர்களைப் பற்றிச் சொல்ல அந்தத் தேடலில் ஒன்றும் கிடைக்கவில்லை. தந்தையின் வயது ஓராண்டு கூடினால் குழந்தையிடம் புதிய மாற்றங்கள் ஏறக்குறைய இரண்டு கூடுகின்றன என்று 2012ல் ஐஸ்லாந்து ஆய்வு ஒன்று காட்டியது. உடனே தந்தையைக் கூண்டில் ஏற்றத் தோன்றுகிறது, பாருங்கள்.

கதை எழுதுகிறவர்களுக்கு இது அயல் சமாசாரம் அல்ல. நம் சிறுகதைகளில் குழந்தை சும்மா சாவதில்லை. குடிகாரத் தகப்பன் திருந்துவதற்காகச் சாகிறது, வறுமையை நிரூபிப்பதற்காகச் சாகிறது. காரணம் இல்லாமல் அதைச் சாகவிட நமக்குத் தைரியம் வந்ததில்லை. உருவ அமைதி என்று நாம் மெச்சிக்கொள்வதில் பாதி, ஆளைப் பிடித்துக் கொடுக்கிற போலீஸ் வேலைதான். அந்த 48 புள்ளிகள் இதைச் செய்யவில்லை என்பதில் எனக்குப் பொறாமை உண்டு.

'யாருடைய குற்றமும் இல்லை' என்று ஒரு தாயிடம் சொல்வது உண்மை. ஆறுதலா என்பதில் சந்தேகம். குற்றம் தன்னுடையது என்றிருந்தவரை நடந்ததில் அவளுக்கு ஒரு பங்கு இருந்தது. வேறுமாதிரி நடந்திருக்கலாம் என்ற நினைப்பு இருந்தது. கணக்கு அதையும் பிடுங்கிக்கொள்கிறது. பிடுங்கத்தான் வேண்டும். ஆனால் பிடுங்குகிறோம் என்பது தெரிந்து செய்ய வேண்டும்.

அதோடும் முடியவில்லை. விழித்திரைப் புற்றிலிருந்து பிழைத்து வளர்ந்த ஒரு பெண்ணுக்கு அந்தப் பிறவி மாற்றம் இருந்தால், அது குழந்தைக்குப் போவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ரத்தப் பரிசோதனை இல்லாத காலத்தில் அவள் குழந்தைக்கும் அது 'வந்தது'. இன்று பரிசோதனை இருக்கிறது. உடம்புக்கு வெளியே கருவுறச் செய்து, மாற்றம் உள்ள கருவை விலக்கவும் முடியும். நேற்றுவரை யாரும் செய்யாத வினைக்கு இப்போது ஒரு வினைமுதல் கிடைத்துவிட்டது. அவள்தான்.

நண்பர் ஒருவர், 'விலக்கிவிட்டால் தீர்ந்தது, இதில் தத்துவம் எங்கே வந்தது?' என்றார். விலக்கப்படும் கருவிலுள்ள மாற்றம் அவளுடைய மாற்றம். அவள் அம்மாவுக்கு இந்த வசதி இருந்திருந்தால் இன்று கையெழுத்துப் போட அவள் இருந்திருக்கமாட்டாள். அதனால் விலக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்லும் யோக்யதை நோயில்லாமல் பிறந்த எனக்குக் கிடையாது. பெற்றுக்கொண்டு, முதல் வாரங்களிலிருந்தே குழந்தையை அடிக்கடி மயக்கத்தில் கிடத்திக் கண்ணைப் பரிசோதித்து, கட்டி கடுகளவாக இருக்கும்போதே லேசரால் சுடுவதும் ஒரு வழி. பல சமயம் பார்வை தப்புகிறது. நண்பர் இதையும் கூட்டிக் கழித்து, எதில் துன்பம் குறைவு என்று பார்க்கச் சொல்கிறார். யாருடைய துன்பத்தை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்பதே எனக்குப் பிடிபடவில்லை. நாங்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.