இறைச்சிக்கா, சவாரிக்கா?

வெள்ளிக்கிழமைகளில் பல்லாவரத்தில் பழைய டிரங்க் சாலைப் பக்கம் சென்றவர்கள் அங்குக் கூடும் வாரச் சந்தையை அறிவார்கள். ஊரார் பயன்படுத்தி ஓய்ந்த பொருள்கள் யாவும் தார்ப்பாய் விரிப்பில் வந்து சேர்ந்திருக்கும். கால் உடைந்த நாற்காலி, தையல் எந்திரம், மீன்தொட்டி, பூச்செடி, செல்லாத நாணயம். இவற்றிடையே அண்மை ஆண்டுகளில் கைப்பேசிகளும் மடிக்கணினிகளும் குவியலாகக் கிடக்கின்றன. ஒன்றைக் கையில் எடுத்துப் புரட்டுபவர் கேட்பதெல்லாம் ‘இது ஓடுமா?’ என்பதுதான். ‘ஓடும்’ என்பதே எப்போதும் பதில். அப்பதில் பொய்யும் அன்று. ஆயினும் மெய் அதனுள் முழுமையாக அடங்கிவிடுகிறதா என்பதே என் ஐயம். இந்த ஐயம் எனக்கு வந்தது கிதாபிலிருந்து அன்று. நானே அவசரப்பட்டுச் சொன்ன ஒரு பதிலிலிருந்து வந்தது.

என்னிடம் சிறு வயதில் ஓதிய ஒருவர் மேற்குத் தாம்பரத்தில் கைப்பேசி பழுதுபார்க்கும் சிறு கடை வைத்திருக்கிறார். பேணுதலானவர். ஒரு நாள் தொழுகைக்குப் பின் என்னருகே வந்து அமர்ந்தார்.

“ஹஜ்ரத், எனக்கு ஒரு மஸ்அலா. நாலைந்து வருடம் ஆன போனுக்குக் கம்பெனி புதிய மென்பொருள் தருவதை நிறுத்திவிடுகிறது. போன் மெதுவாகிவிடுகிறது. நான் அதன் பூட்டைத் திறந்து வேறு மென்பொருளை ஏற்றிக் கொடுக்கிறேன். புதிது போல ஓடுகிறது. இந்தக் கூலி ஹலால்தானே?”

நான் அதிகம் யோசிக்கவில்லை. “தம்பி, விலை கொடுத்து வாங்கியவன் பொருளுக்கு உடையவன். உடையவன் தன் பொருளைத் திருத்திக்கொள்ளத் தடை என்ன? நீர் திருடவில்லையே” என்றேன். அவர் மகிழ்ந்து சென்றார். நானும் ஒரு நற்செயலுக்கு வழிகாட்டிய நிறைவோடு வீடு திரும்பினேன்.

அப்பதில் தவறு என்று இன்றும் நான் சொல்லவில்லை. அவர் செய்யும் பணி எத்தகையது என்பதை வாசகர்கள் அறிவது நலம். கைப்பேசி விழித்தெழும்போது முதலில் இயங்கும் சிறு நிரல் ஒன்று உண்டு. நிறுவனம் முத்திரையிட்ட மென்பொருளைத் தவிர வேறெதையும் உள்ளே விடாமல் காக்கும் வாயிற்காவலன் அது. அதன் பூட்டைத் திறந்தால் வேறு இயக்க மென்பொருளை ஏற்றலாம். லினேஜ் ஓ.எஸ். என்பது அவ்வாறான ஒன்று. முன்பு சயனோஜென்மாட் என்ற பெயரில் இருந்தது. 2016 டிசம்பரில் அது நின்றுபோக, உலகின் பல பகுதிகளிலுள்ள ஆர்வலர்கள் புதுப்பெயரில் அதைத் தொடர்ந்தார்கள். நிறுவனம் கைவிட்ட எத்தனையோ கருவிகளுக்கு அவர்கள் வாழ்நாளை நீட்டித் தந்திருக்கிறார்கள். கணினியிலும் இப்படித்தான். 2011இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்த கருவிகள் பல, இன்றைய மென்பொருளைத் தாங்க மாட்டாமல் பரணில் உறங்குகின்றன. இலேசான லினக்ஸ் ஒன்றை ஏற்றினால் அவற்றிற் சில மீண்டும் எழுதவும் படிக்கவும் உதவும். நன்றாக இருக்கும் ஒரு பொருளைக் குப்பைக்கு அனுப்புவதை மார்க்கம் விரயம் என்கிறது. அதைத் தடுப்பவரின் கூலியில் குறை காண்பது எங்ஙனம்?

நாட்டுச் சட்டமும் இதில் நிய்யத்தைத்தான் பார்க்கிறது. நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு, தொழில்நுட்பப் பூட்டை உடைப்பவர்க்கு ஈராண்டு வரை சிறை என்கிறது. ஆனால் பதிப்புரிமையை மீறும் நோக்கத்துடன் உடைத்தால்தான் அது குற்றம். இதனை முதன்முதல் ஒரு வழக்கறிஞர் எனக்கு விளக்கியபோது, ஹதீஸ் நூல்களின் முதற்பாடம் நினைவுக்கு வந்து சற்றே புன்னகைத்தேன். எல்லை கடந்த திருத்தங்களும் உண்டு. கைப்பேசியின் அடையாளமாகிய 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணை மாற்றுவது அத்தகையது. திருட்டுப் பொருளுக்கு முகமூடி போடும் அவ்வேலையை 2017ஆம் ஆண்டின் விதிகள் தடுத்துவிட்டன. அதில் விவாதத்திற்கு இடமில்லை. என் மாணவரும் அதைத் தொடுவதில்லை.

அப்படியிருக்க, என் பதில் எங்கே சறுக்கியது?

சில மாதங்கள் கழிந்தன. மாணவர் மீண்டும் வந்தார். இம்முறை முகம் வாடியிருந்தது. தாம் திருத்திக் கொடுத்த ஒரு கைப்பேசியை அதன் உரிமையாளர் பின்னொரு நாள் கொடுத்துவிட்டு வேறொன்று வாங்கிப் போயிருக்கிறார். அதை மற்றப் பழையவற்றோடு சேர்த்து இவர் ஒரு சந்தை வியாபாரிக்கு விற்றுவிட்டார். அவர் பல்லாவரத்தில் ஓர் அம்மாளுக்கு விற்றார். அந்த அம்மாள் குரோம்பேட்டையில் மாலை நேரத்தில் இட்லிக் கடை போடுபவர். இந்நாளில் வாடிக்கையாளர் பலரும் சில்லறை கொண்டுவருவதில்லை; அட்டையிலுள்ள கட்டத்தைப் படம்பிடித்துப் பணம் அனுப்பிவிடுகிறார்கள். பணம் வந்ததா என்று பார்க்கத்தான் அவர் அக்கைப்பேசியை வாங்கினார். வங்கியின் செயலியோ திறக்க மறுத்துவிட்டது. பூட்டுத் திறக்கப்பட்ட கருவியை நம்ப முடியாது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி மட்டும் காட்டிற்று. அது அவருக்கு விளங்கவில்லை. வந்ததாகச் சொன்ன பணத்தை நம்பி இட்லி கொடுத்திருக்கிறார். சில நாள் கழித்துத்தான் சில தொகைகள் வரவேயில்லை என்று தெரிந்தது. உறையின் உட்பக்கம் ஒட்டியிருந்த கடைச்சீட்டைப் பார்த்து விசாரித்துக்கொண்டு தாம்பரம் வந்து சேர்ந்தார்.

“நான் பொய் சொல்லவில்லை ஹஜ்ரத். வியாபாரி கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. போன் நன்றாகத்தான் ஓடுகிறது” என்றார் மாணவர்.

அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. எனக்குத்தான் வெட்கமாயிற்று. ஏனெனில் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில், சம்பாத்தியத்தின் ஒழுங்குகளைப் பேசுமிடத்தில் எடுத்துரைக்கும் ஒரு நிகழ்ச்சியை எத்தனையோ ஆண்டுகளாக நான் மாணவர்க்கு ஓதிக்கொடுத்து வருகிறேன். ஒருவர் தம் ஒட்டகத்தை முந்நூறு திர்ஹத்துக்கு விற்றார். நபித்தோழர் வாஸிலா இப்னுல் அஸ்கஃ (ரலி) அவர்கள் அருகில் நின்றிருந்தும் கவனம் வேறெங்கோ இருந்தது. வாங்கியவர் ஒட்டகத்தை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். வாஸிலா திடுக்கிட்டுப் பின்னால் ஓடினார். இறைச்சிக்கு வாங்கினீரா, சவாரிக்கா என்று கூவிக் கேட்டார். சவாரிக்கு என்றார் அவர். அதன் பாதத்தில் ஒரு துளை இருப்பதைக் கண்டேன், தொடர்ந்து நடக்க மாட்டாது என்றார் வாஸிலா. வாங்கியவர் திரும்பி வந்தார். விற்றவர் நூறு திர்ஹம் குறைக்க நேர்ந்தது. என் வியாபாரத்தைக் கெடுத்துவிட்டீரே என்று அவர் நொந்துகொண்டார். குறையை அறிந்த எவரும் அதைச் சொல்லாதிருக்கலாகாது என்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் கட்டளையே வாஸிலாவின் விடையாயிற்று.

இந்நிகழ்ச்சியைப் பாடம் நடத்தும்போது மாணவர்களின் கவனம் அந்த ஓட்டத்திலேயே நின்றுவிடும். என் கவனமும் அங்கேதான் நின்றிருந்தது. அவர் கேட்ட கேள்வியை நான் எண்ணிப் பார்த்ததில்லை. ஒட்டகத்தின் பாதத்திலுள்ள துளை இறைச்சிக்கு வாங்குபவருக்குக் குறையே அன்று. சவாரிக்கு வாங்குபவருக்கோ அதுவே முழுக்குறை. எனவே குறை என்பது பொருளில் மட்டும் இருப்பதில்லை. வாங்குபவரின் தேவையில் பாதி இருக்கிறது. அந்தத் தேவையைக் கேளாமல் ‘இதில் குறை உண்டா இல்லையா’ என்று எவராலும் சொல்லிவிட முடியாது. பேரனுக்கு ஹிஃப்ளுப் பாடம் கேட்பதற்கு அதே கைப்பேசியை ஒரு பாட்டியார் வாங்கியிருந்தால் என் மாணவரை வாழ்த்தியிருப்பார். இட்லிக்கார அம்மாளுக்கு அது காலில் துளையுள்ள ஒட்டகம்.

விற்பவர் மட்டுமே கேட்கவேண்டிய கேள்வியன்று இது. ‘உடையவன் தன் பொருளைத் திருத்தலாம்’ என்று சொன்ன நானும், ‘பிறகு இது யார் கைக்குப் போகும்?’ என்று கேட்டிருக்க வேண்டும். உடைமை கைமாறும், திருத்தமோ பொருளோடு போகும். திருத்தத்தைப் பற்றிய அறிவு மட்டும் திருத்தியவரிடமே தங்கிவிடுகிறது. இதைக் கருவிகளே நமக்கு முன்னர் உணர்ந்துகொண்டன போலும். சாம்சங் கைப்பேசிகள் பலவற்றின் உள்ளே நுண்ணிய மின்னிழை ஒன்று வைத்திருக்கிறார்கள். அந்நிய மென்பொருளை ஏற்றினால் அது அறுந்துவிடும். பின்னர்ப் பழைய மென்பொருளைத் திரும்ப ஏற்றினாலும் ஒட்டாது. மனிதன் மறைத்தாலும் அது சாட்சி சொல்லும். அச்சாட்சியைக் கேட்கத் தெரிந்தவர்கள் நிறுவனத்தாரும் பழுதுபார்ப்பவருமே என்பதுதான் வருத்தம்.

இனி, சிறு கடைக்காரரை மட்டும் கூண்டில் நிறுத்தினால் அது நீதியாகாது. பெரு நிறுவனங்களும் நம் கைப்பேசியை இரவோடிரவாகத் திருத்துகின்றன. அதற்குப் ‘புதுப்பிப்பு’ என்று பெயர். 2017 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனம் ஐபோன்களுக்கு அத்தகைய ஒன்றை அனுப்பிற்று. லித்தியம் பேட்டரி முதுமையடைந்தால் அதன் உள்தடை கூடும். செயலகம் திடீரென அதிக மின்சாரம் கேட்கும்போது கொடுக்க மாட்டாமல் கைப்பேசி அணைந்துபோகும். அதைத் தவிர்க்க, பேட்டரி தளர்ந்த கருவிகளின் உச்ச வேகத்தை அப்புதுப்பிப்பு குறைத்தது. கிழவரை மெல்ல நடக்கச் சொல்வது போன்ற நல்ல ஏற்பாடுதான். ஆனால் வாங்கியவர்களுக்கு அது தெளிவாகச் சொல்லப்படவில்லை. கைப்பேசியே கிழடாகிவிட்டதென எண்ணிப் புதிது வாங்கியவர் எத்தனை பேரோ! பேட்டரியை மட்டும் மாற்றியவர் ஒருவர், வேகம் திரும்பிவிட்டதைக் கண்டு எழுதினார். வேகத்தை அளக்கும் கீக்பெஞ்ச் செயலியின் ஜான் பூல் அளவீடுகளைத் திரட்டி 2017 டிசம்பரில் வெளியிட்டார். இரண்டு நாளில் நிறுவனம் ஒப்புக்கொண்டது. பின்னர் மன்னிப்புக் கேட்டு, பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. 2020 பிப்ரவரியில் பிரான்சு நாடு இரண்டரைக் கோடி யூரோ அபராதம் விதித்தது. வேகத்தைக் குறைத்ததற்காக அன்று, அதைச் சொல்லாமல் விட்டதற்காக! தாம்பரத்துக் கடைக்காரர் மீதும் இதே வழக்குத்தான்; தொகைதான் சிறிது.

இதற்கு நேர்மாறான வித்தையும் நடந்தது. மடி கட்டிய ஆட்டைப் பற்றிய சட்டத்தை ஓதாத மதரஸா மாணவர் இரார். விற்பதற்கு முன் சில நாள் பால் கறவாமல் மடியைக் கட்டிவைத்தால், ஆடு பெருங்கறவை போலத் தோன்றும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இதைத் தடுத்தார்கள். ஏமாந்து வாங்கியவருக்கு மூன்று நாள் அவகாசமும், கறந்த பாலுக்கு ஈடாக ஒரு ஸாஃ பேரீச்சம்பழத்துடன் ஆட்டைத் திருப்பித்தரும் உரிமையும் கொடுத்தார்கள். பேரீச்சம்பழமேதான் வேண்டுமா என்பதில் இமாம்கள் இடையே நீண்ட வாதம் உண்டு. அதனுள் இப்போது போக வேண்டா. 2013இல் சாம்சங் கேலக்ஸி எஸ்4 கைப்பேசி, வேகத்தை அளக்கும் செயலிகளை அடையாளம் கண்டு அப்போது மட்டும் கூடுதல் வேகத்தில் ஓடியதை ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். 2018இல் ஹுவாவேயின் சில கைப்பேசிகளும் இதே காரணத்தால் அளவீட்டுப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. அளப்பவர் வரும்வரை மடியைக் கட்டிவைத்து, அவர் போனதும் அவிழ்த்துவிடுவது!

நிறுவனங்களைத் தட்டிக்கேட்கச் சட்டங்கள் மெல்ல வருகின்றன. 2022 ஜூலையில் நம் நடுவண் அரசின் நுகர்வோர் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு குழுவை அமைத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில், ஒரு மாதிரியின் விற்பனை நின்ற பின்னும் ஐந்தாண்டு புதுப்பிப்புத் தரவேண்டும் என்ற விதி 2025 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. நல்லதே. ஆனால் சந்தையின் தார்ப்பாய் விரிப்பு வரை வரும் சட்டம் எது?

மாணவரிடம் இவற்றையெல்லாம் நான் சொன்னபோது அவர் கேட்டது நியாயமான ஒன்று. “எல்லாவற்றையும் சொன்னால் யார் வாங்குவார், ஹஜ்ரத்? பக்கத்துக் கடைக்காரர் சொல்வதில்லையே.” அதற்கு என்னிடம் இனிப்பான விடை இல்லை. ஒட்டகத்தை விற்றவருக்கு நூறு திர்ஹம் நட்டம் வந்தது. அது பின்னர் வேறு வழியில் ஈடாயிற்று என்று எந்த நூலிலும் நான் படித்ததில்லை.

அந்த அம்மாளுக்கு முழுத் தொகையையும் அவரே கொடுத்துவிட்டார். விற்றவர் வியாபாரிதான், இவர் அல்லர் என்று ஃபிக்ஹின்படி வாதாடலாம், அவர் வாதாடவில்லை. பழைய மென்பொருளைத் திரும்ப ஏற்றியும் பார்த்தார். சில கருவிகளில் அது கைகூடும், இதில் கூடவில்லை. பிறகு ஒரு சீட்டில் இக்கைப்பேசிக்குச் செய்யப்பட்ட திருத்தம் இன்னது, வங்கிச் செயலி இதில் இயங்காது, பாட்டும் பாடமும் கேட்க நன்று என்று தமிழில் எழுதி என்னிடம் காட்டினார். ஓர் ஒற்றுப்பிழை இருந்தது, திருத்திக் கொடுத்தேன். சந்தை வியாபாரியோ, சீட்டைக் கிழித்துவிட்டால் நல்ல விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றாராம். இவர் இசையவில்லை. கைப்பேசி இன்னும் அவருடைய மேசை இழுப்பறையில் கிடக்கிறது. சென்ற வாரம், “இதை என்ன செய்யட்டும், ஹஜ்ரத்?” என்று கேட்டார்.

கிதாபைப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.