மறுப்பதிலும் பொறுப்பு உண்டு

ஜெனீவாவை அடுத்துள்ள செர்ன் துகள் இயற்பியல் ஆய்வுக்கூட வளாகத்தில் இரண்டு மீட்டர் உயர நடராசர் சிலை ஒன்று நிற்கிறது. 2004-இல் இந்தியா அளித்த பரிசு அது. 2016 ஆகஸ்டில், அந்தச் சிலையின் முன்னால் இரவில் எடுக்கப்பட்ட ஒரு காணொளி இணையத்தில் பரவியது. கறுப்பு அங்கி அணிந்த சிலர் ஒரு பெண்ணை நரபலி கொடுப்பதுபோல் அதில் நடித்திருந்தார்கள். அனுமதியின்றி எடுக்கப்பட்ட நாடகம் என்று செர்ன் விளக்கியது, உள்விசாரணையும் தொடங்கியது. பல நாட்டு ஊடகங்கள் அந்த விளக்கத்தை வெளியிட்டன. விளக்கத்தோடு காணொளியும் சேர்ந்தே போனது. அங்கே வேறோர் உலகத்துக்கான வாசல் திறக்கப்படுகிறது என்று நெடுநாளாகச் சொல்லிவந்த குழுக்களுக்கு அது புதிய ‘ஆதாரம்’ ஆயிற்று.

ஒரு பொய்யை மறுப்பதற்காகவே அதைச் செய்தியாக்குவது சரியா? இந்தக் கேள்வி இன்று எல்லாச் செய்தியறைகளின் வாசலிலும் நிற்கிறது. சதிக்கோட்பாட்டுக் குழுக்கள் பத்திரிகையாளரை வெறுப்பதாகச் சொல்லிக்கொண்டாலும், அவர்களுடைய பார்வை தங்கள்மேல் விழவேண்டும் என்றே பாடுபடுகின்றன. ஒரே நேரத்தில் ஒரே சொல்லைப் பல்லாயிரம் முறை பதிவிட்டு அதை முன்னிலைக்குக் கொண்டுவருகிறார்கள். நிருபர்களுக்குக் கூட்டமாக மின்னஞ்சல் அனுப்புகிறார்கள். ‘இதை ஏன் மறைக்கிறீர்கள்?’ என்று சீண்டுகிறார்கள். செய்தி வந்தால் அங்கீகாரம் கிடைத்துவிட்டது என்பார்கள். மறுப்பு வந்தால் பயந்துவிட்டார்கள் என்பார்கள். ஒன்றும் வராவிட்டால் மூடிமறைக்கிறார்கள் என்பார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர்களுக்குப் பேச ஏதோ ஒன்று இருக்கும்.

இதை வெறும் தொழில் சிக்கல் என்று தள்ளிவிட முடியாது. 2008 செப்டம்பர் 10 அன்று செர்னின் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள துகள் மோதுவி முதன்முறையாக இயக்கப்பட்டது. அதனால் கருந்துளை உருவாகிப் பூமியை விழுங்கும் என்று சிலர் வழக்குத் தொடுத்திருந்தார்கள். அதைவிட அதிக ஆற்றலுள்ள மோதல்களை விண்வெளிக் கதிர்கள் காலங்காலமாகப் பூமியின் காற்றுமண்டலத்தில் நிகழ்த்திவருகின்றன. பூமிக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அறிவியலாளர்கள் முன்பே தெளிவுபடுத்தியிருந்தார்கள். ஆனாலும் இந்தியச் செய்தி அலைவரிசைகள் பல, உலகம் அழியுமா என்று நாள்கணக்கில் விவாதம் நடத்தின. மத்தியப் பிரதேசத்தில் 16 வயதுச் சிறுமி ஒருத்தி உயிரை மாய்த்துக்கொண்டாள். அந்தச் செய்திகளைப் பார்த்து அவள் கலங்கிப்போயிருந்தாள் என்று தந்தை கூறினார். ஒரு மரணத்துக்குப் பின்னால் எத்தனையோ காரணங்கள் இருக்கலாம். ஆயினும், கேள்விக்குறி போட்டுவிட்டால் பொறுப்பு தீர்ந்தது என்று நினைப்பவர்கள் அந்தத் தந்தையின் சொல்லை எளிதில் கடந்துபோகக் கூடாது.

அப்படியானால் பேசாமல் இருப்பதே அறமா? அதற்கும் சுவிட்சர்லாந்தின் வரலாறு இடம் தரவில்லை. யூதர்கள் உலகை ஆளச் சதி செய்வதாகக் கூறும் ‘சீயோன் மூப்பர்களின் நெறிமுறைகள்’ என்ற போலி நூலை 1933-இல் பெர்ன் நகரில் வலதுசாரித் தேசிய முன்னணியினர் விநியோகித்தார்கள். யூத அமைப்புகள் நீதிமன்றம் சென்றன. அந்த நூல் 1864-இல் மொரிஸ் ஜோலி எழுதிய அரசியல் நையாண்டியிலிருந்து திருடப்பட்டது என்பதை லண்டன் டைம்ஸ் நிருபர் பிலிப் கிரேவ்ஸ் 1921-லேயே அம்பலப்படுத்தியிருந்தார். அதே நாளிதழ்தான் 1920-இல் அந்த நூலைப் பற்றி விசாரணை வேண்டும் என்று எழுதி, அதற்கு மதிப்பு ஏற்படுத்தியிருந்தது. பெர்ன் வழக்கைப் பற்றிச் செய்தி சேகரிக்கப் பல நாட்டுப் பத்திரிகையாளர்கள் வந்தார்கள். எதிர்த்தரப்பு, ஜெர்மனியிலிருந்து உல்ரிக் ஃப்ளைஷ்ஹவுவரை நிபுணராக வரவழைத்து, வழக்கையே பிரசார மேடையாக்க முயன்றது. 1935 மே 14 அன்று நீதிபதி வால்டர் மேயர் அந்த நூல் போலியானது, திருடப்பட்டது என்று தீர்ப்பளித்தார். 1937-இல் மேல்முறையீட்டில், வழக்குத் தொடுக்கப்பட்ட சட்டம் இந்நூலுக்குப் பொருந்தாது என்று பிரதிவாதிகளின் தண்டனை நீங்கியது. நூல் உண்மையானது என்று அந்த நீதிமன்றமும் சொல்லவில்லை.

பெர்னில் மௌனம் காத்திருந்தால் அது கோழைத்தனமாகியிருக்கும். அந்தப் பொய்க்கு அப்போதே வாசகர்கள் இருந்தார்கள், அதை ஏந்திய கட்சி இருந்தது, அதனால் உயிருக்கு அஞ்சிய ஒரு சமூகம் இருந்தது. 2016-இன் காணொளியால் அப்படி யாருக்கும் தீங்கு நேர்ந்திருக்கவில்லை. ஆகவே ஒரு கூற்று பொய்யா என்பதோடு செய்தியறை நின்றுவிடக் கூடாது. அது ஏற்கெனவே யாரையாவது காயப்படுத்துகிறதா, அல்லது நாம் தொட்டால்தான் பரவுமா என்று கேட்க வேண்டும். காயப்படுத்தியிருந்தால் எழுதியே ஆகவேண்டும். அப்போதும் தலைப்பிலும் முதல் வரியிலும் உண்மையும் பாதிக்கப்பட்டவர்களும் இருக்கட்டும். கட்டிவிடப்பட்ட கதைக்கும் அதைக் கட்டியவர்களின் படங்களுக்கும் அங்கே இடம் வேண்டாம்.

இந்த எச்சரிக்கை அதிகாரத்தின் கேடயமாகிவிடவும் கூடாது. சுவிட்சர்லாந்தில் 100 நாட்களுக்குள் 50,000 கையெழுத்துத் திரட்டினால் நாடாளுமன்றச் சட்டத்தை மக்கள் வாக்கெடுப்புக்குக் கொண்டுவரலாம். கோவிட் சட்டம் 2021-இல் இருமுறையும் 2023-இல் ஒருமுறையும் அவ்வாறு வந்தது. ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் ஆதரித்தார்கள். எதிர்த்த ஏனையோரை எல்லாம் சதிக்கதையை நம்புபவர்கள் என்று முத்திரை குத்துவது பொய், அநீதியும்கூட. சட்டத்தை எதிர்ப்பவரின் வாதத்தைக் கேட்பது பத்திரிகையாளரின் கடமை. ஆதாரம் காட்டாமல் ஒரு மக்கள் கூட்டத்தையே குற்றவாளியாக்கும் கதைக்கு அப்படிக் கேட்கப்படும் உரிமை கிடையாது. இந்த இரண்டையும் பிரித்தறிய உழைப்பு வேண்டும், நேரமும் வேண்டும்.

அந்த நேரத்தைச் செலவிட மனமில்லாத ஊடகம், பரபரப்புக்காகப் பொய்யைத் தூக்கிப்பிடிக்கும், அல்லது சோம்பலால் நியாயமான எதிர்ப்பையும் சேர்த்து ஒதுக்கிவிடும். இரண்டினாலும் வாசகர் ஏமாறுகிறார். யாரோ கூச்சலிட்டார்கள் என்பதற்காக ஒன்று செய்தியாகிவிடாது. அதனால் யாருக்கு என்ன நேரும் என்று எண்ணிப்பார்த்த பிறகு எழுதுவதும் எழுதாமல் விடுவதுமே பத்திரிகை அறம்.