‘அது அதோட கர்மா’ன்னு சொல்லிட்டு நகர்ந்துடலாமா?



பகவான் ரமண மகரிஷி திருவண்ணாமலை மலைமேல் வாழ்ந்த காலம். 1922-ல் அவர் அடிவாரத்துக்கு இறங்கி வருவதற்கு முன் நடந்தது. குரங்குக் கூட்டத்தின் தலைவன் ஒரு குட்டியைக் கடித்துவிட்டது. இனிப் பிழைக்காது என்று கூட்டம் அதை அப்படியே போட்டுவிட்டுப் போய்விட்டது. குட்டி நொண்டி நொண்டி பகவானிடம் வந்து சேர்ந்தது. அவர் பராமரித்தார். ‘நொண்டி’ என்பதே பெயராகவும் ஆகிவிட்டது. ஐந்து நாள் கழித்து அந்தப் பக்கம் வந்த கூட்டம், குட்டி உயிரோடு இருப்பதைப் பார்த்துத் திரும்பச் சேர்த்துக்கொண்டது. அதற்குப் பிறகும் நொண்டி வந்தால் நேராக அவர் மடியில்தான் ஏறும். இலையில் சோறு வைத்தால் ஒரு பருக்கை வெளியே சிந்தாமல் சாப்பிடுமாம். பின்னாளில் அந்தக் கூட்டத்துக்கே ராஜாவாகவும் ஆனது.

‘அது’, ‘இது’ன்னு நான் எழுதுறேன். பகவான் அப்படிப் பேசவே மாட்டார். நாய், பசு, குரங்கு எதுவானாலும் அவருக்கு ‘அவன்’, ‘அவள்’தான். ஆசிரமத்தில் சாப்பாட்டு நேரம் வந்தால் முதலில் நாய்களுக்கு, பிறகு வந்து நிற்கும் ஏழைகளுக்கு, கடைசியில்தான் பக்தர்களுக்கு. இதை ஒரு விழா நாளுக்காகச் செய்யவில்லை. அங்கே தினசரி வழக்கமே அதுதான்.

இந்தக் கதையை ஏன் எடுத்தேன்னா, ஜொகூர் பாருவில் ஒரு விலங்குக் காப்பகத்திலிருந்து இரண்டு மாதப் பெண் பூனைக்குட்டியை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அவளுக்குப் பின்னங்கால் இரண்டும் வேலை செய்யாது. முன்னங்காலாலேயே உடம்பை இழுத்துக்கொண்டு போவாள். கொழுகொழுன்னு இருக்கும் குட்டிகளை ஆளாளுக்குத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. இவளைப் பார்த்து “ஐயோ பாவம்”னு சொல்லிட்டு அடுத்த கூண்டுக்கு நகர்ந்துடுவாங்க. எங்கள் வீட்டில் ஏற்கெனவே இரண்டு பூனை, ஒரு நாய். விஷயம் தெரிந்ததும் சொந்தக்காரங்க இரண்டு விஷயம் சொன்னாங்க. ஒன்று: “அது போன ஜென்மக் கர்மா, நீ ஏன் குறுக்கே போற?” இன்னொன்று: “இருக்குறது பத்தாதா?”

முதல் பேச்சு நம் சமயத்தின் பெயரால் வருவதால் அதற்குப் பதில் சொல்லியே ஆகணும். 1867-ல் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி அடுப்பு மூட்டியவர் வள்ளலார். இதே கேள்வியைச் சீவகாருண்ய ஒழுக்கத்தில் அவரே எழுப்பிப் பதிலும் சொல்லியிருக்கிறார். முன்வினைக்காகக் கடவுள் கொடுத்த தண்டனை என்றால், அந்த உயிருக்கு உதவுவது கடவுளின் ஆணையை மீறுவது ஆகாதா? ஆகாது என்கிறார். பெரிய குற்றவாளியைச் சிறையில் போட்ட அரசன்கூட, தன் ஆட்களை விட்டு அவனுக்குச் சோறு கொடுக்கிறான் அல்லவா? சோறு கொண்டுபோகும் ஆள் அரசனுக்கு விரோதி இல்லை. நாம் அந்த ஆளின் இடத்தில் இருக்கிறோம். அவ்வளவுதான்.

கர்மா என்பது என் கை இப்போது என்ன செய்யப்போகிறது என்று என்னையே கேட்கும் கேள்வி. அடுத்தவர் காலைப் பார்த்து ஜாதகம் எழுத யாரும் நமக்கு உரிமை கொடுக்கவில்லை. பூனைக்குட்டி விஷயத்தில் இப்படிப் பேசிப் பழகுகிற வாய், நம் தாமானில் சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளையைப் பார்த்தும் அதையேதான் சொல்கிறது. அந்தப் பிள்ளையின் அம்மா காதில் அது விழுகிறது. எனக்கு இதில்தான் கோபம்.

(பூனையே அபசகுனம் என்பவர்களுக்கு ஒரு வரி: வங்காளத்தில் குழந்தைகளைக் காக்கும் சஷ்டி தேவிக்கு வாகனமே பூனை. அந்தச் சஷ்டி தேவியைத்தான் தேவி பாகவதம் தேவசேனை என்று சொல்கிறது. நம் முருகனின் தேவசேனை.)

இரண்டாவது பேச்சு, “இருக்குறது பத்தாதா?” என்பது, வேறு ரகம். அதில் நியாயம் இருக்கு. பாலம் கட்டப் படிக்கிறவனுக்கு முதல் வருஷத்திலேயே சொல்லிக்கொடுப்பது, பாரத்தை ஏற்றுவதற்கு முன் எவ்வளவு தாங்கும்னு கணக்குப் போடணும் என்பது. கருணைக்கும் அந்தக் கணக்கு உண்டு. நொண்டி ஒருமுறை, சாப்பாட்டை வீணாக்கியதற்குக் கண்டித்த ஆத்திரத்தில் பகவானின் முகத்திலேயே அறைந்துவிட்டான். சில நாளைக்கு மடி கிடையாது. கெஞ்சிக் கெஞ்சித்தான் திரும்ப இடம் பிடித்தான். அன்பு இருந்த இடத்தில் ஒழுங்கும் இருந்தது.

எங்கள் வீட்டுக் கணக்கு இப்படி: முதலில் கிளினிக். பூனைக்குப் பூனை தொற்றும் வைரஸ் இருக்கான்னு இரத்தப் பரிசோதனை, பூச்சி மருந்து, தடுப்பூசி. பிறகு இரண்டு வாரம் தனி அறை. பழைய பூனைகள் படுத்த துண்டு இவள் அறைக்கு, இவள் துண்டு அவர்களுக்கு, வாசனை பழகுவதற்காக. அடுத்து, மூடிய கதவுக்கு இரண்டு பக்கமும் சாப்பாட்டுத் தட்டு. நாயைக் கயிறு இல்லாமல் அவள் பக்கத்தில் விடுவதே இல்லை. டைல்ஸ் தரையில் வழுக்காமலும் தோல் உரியாமலும் இருக்க ரப்பர் பாய் விரித்தோம். பூனை மணல் தட்டுக்கு விளிம்பு தாழ்வாக இருக்கணும்.

இதில் பெரிய வேலை வேறு. அவளால் தானாகச் சிறுநீர் கழிக்க முடியாது. அடிவயிற்றை மெதுவாக அழுத்தி எடுத்துவிடணும், தினமும் மூன்று வேளை. அதை மருத்துவர் கைப்பிடித்துக் காட்டிக் கற்றுக்கொடுத்தார். தவறவிட்டால் கிருமி தொற்றும், சிறுநீரகம் கெடும். அப்பா சிங்கப்பூர் வேலைக்குக் கோஸ்வே நெரிசலுக்கு முன்னாடி கிளம்புறவர். அதனால் விடியற்காலை முறை அவருடையது. மதியம் அம்மா. ராத்திரி நான், பரீட்சை வாரத்திலும் நான்தான். இந்த மூன்று பேரும் சரின்னு சொன்ன பிறகுதான் காப்பகத்தில் கையெழுத்துப் போட்டோம். வேற ஊரில் செமஸ்டர் தொடங்கியதும் எல்லாத்தையும் அம்மா தலையில் கட்டிட்டுப் போறவர்கள் தயவுசெய்து குட்டி எடுக்காதீங்க. உங்களுக்குக் கிடைக்கும் புண்ணியத்துக்கு இடுப்பு வலிப்பது அவங்களுக்கு! வாரம் ஒருநாள் காப்பகத்துக்குப் போய்க் கூண்டு கழுவுங்க. ஒரு குட்டியின் மருந்துச் செலவை ஏத்துக்கோங்க. அதுவும் சீவகாருண்யம்தான். படம் எடுத்துப் போட அதில் ஒன்றும் இருக்காது, பரவாயில்லை.

பழைய பூனைகளில் சின்னவன் அவளோடு சீக்கிரமே பழகிட்டான். பெரியவளுக்கு இன்னும் பிடிக்கல. இப்போ ஒரே அறையில், இரண்டு டைல்ஸ் தள்ளி உட்கார்ந்து சாப்பிடுறாங்க. பெரியவளுக்குத்தான் முதல் தட்டு.