களஞ்சியமும் அளவும்

நம்மிடம் ஓதிப் பட்டம் பெற்று, இப்போது கனடா நாட்டின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் குடும்பத்தோடு வாழ்ந்துவரும் மாணவர் ஒருவர், சில வாரங்களுக்கு முன் நமக்கொரு மடல் வரைந்திருந்தார். ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் அரசின் உரிமச் சீட்டுப் பெற்று மான் வேட்டைக்குச் செல்வது அவர் வழக்கம். அதில் கிட்டும் இறைச்சி, குளிர்காலத்தில் அவர் இல்லத்து உணவாகிறது. அவரிடம் இருப்பது, ஒவ்வொரு முறை சுட்ட பின்னும் கைப்பிடியைத் தூக்கிப் பின்னிழுத்து முன்தள்ள வேண்டிய ‘போல்ட் ஆக்‌ஷன்’ ரைபிள். 1962இல் வெளிவந்த ரெமிங்டன் 700 என்னும் வகை. அதன் வயிற்றில் நிலையாக அமைந்த அறையில் நான்கு தோட்டாக்கள் கிடக்கும். அவ்வறையை மாற்றி, விரலால் அழுத்தியதும் கழன்று வரும் ‘மேகசின்’ பெட்டியைப் பொருத்திக்கொள்ளுமாறு நண்பர்கள் கூறுகிறார்களாம். ஐந்தோ பத்தோ தோட்டாக்கள் நிரப்பிய பெட்டிகளைப் பையில் வைத்துக்கொண்டு, ஒன்று தீர்ந்ததும் மற்றொன்றை மாட்டலாம். “ஹஜ்ரத், இதில் மார்க்கத் தடை ஏதுமுண்டா? இல்லையென்றே எண்ணுகிறேன். ஆயினும் என் உள்ளம் ஏனோ தயங்குகிறது” என்று எழுதியிருந்தார்.

தடையுண்டா என்ற வினாவுக்கு விடை ஒரு வரியில் அடங்கிவிடும். உள்ளம் ஏன் தயங்குகிறது என்ற வினாவோ அவருக்கு மட்டும் உரியதன்று. வேகமும் வசதியும் பெருகிய இக்காலத்தில் அது நம் எல்லோரையும் தொடும் வினா. ஆகவே அதனை ஈண்டுச் சற்று விரித்து ஆராய விழைகிறோம்.

முதற்கண் அச்சொல்லையே எடுத்துக்கொள்வோம். ‘மேகசின்’ என்பது அரபு மொழியின் ‘மக்ஸன்’ என்னும் சொல்லின் பன்மையாகிய ‘மகாஸின்’ என்பதிலிருந்து பிறந்தது. சேமித்து வைக்கும் இடம், களஞ்சியம் என்பது அதன் பொருள். இத்தாலிய, பிரெஞ்சு மொழிகளின் வாயிலாக ஆங்கிலம் புகுந்து, வெடிமருந்துக் கிடங்குக்கும் தோட்டா அறைக்கும் பெயராயிற்று. 1731இல் லண்டனில் தோன்றிய ‘ஜென்டில்மன்ஸ் மேகசின்’ என்னும் ஏடு அறிவுக் களஞ்சியம் என்ற கருத்தில் அப்பெயரைச் சூடிக்கொள்ள, திங்களிதழ்களும் அப்பெயரால் வழங்கலாயின. நாம் அன்றாடம் சொல்லும் ‘கஜானா’வும் அதே வேரில் கிளைத்ததே. வாசகர் கையிலுள்ள இவ்விதழும் அம்மாணவர் வாங்க எண்ணும் பெட்டியும் ஒரே குடும்பத்துப் பெயரைத் தாங்கியவை என்பது வியப்பன்றோ!

திருமறையின் 15ஆம் அத்தியாயமாகிய ஸூரத்துல் ஹிஜ்ரில் இவ்வேரிலிருந்து வந்த ‘கஸாயின்’ என்ற சொல் பயில்கிறது. அனைத்துப் பொருள்களின் களஞ்சியங்களும் இறைவனிடமே இருக்க, அவற்றை அவன் குறித்த அளவின்படியே இறக்கியருளுகிறான் என்பது அங்குக் கிடைக்கும் கருத்து. குறைவற்ற களஞ்சியத்துக்கு உரிமையாளனே அளவோடுதான் வழங்குகிறான். பத்துத் தோட்டா கொண்ட மனிதனுக்கு அளவு எங்கிருந்து வரும்? நம் வினாவின் உயிர்நிலை இதுவே.

புதிய அமைப்பின் நன்மைகளை மறைப்பது நீதியாகாது. கனடா நாட்டுச் சட்டப்படி துப்பாக்கியை வாகனத்தில் கொண்டு செல்கையில் தோட்டா இல்லாதிருக்க வேண்டும். மாணவரிடமுள்ள துப்பாக்கியில் அறையின் அடிப்புறம் மூடியிருப்பதால், தோட்டாக்களை வெளியேற்ற ஒவ்வொன்றாகப் போல்ட்டை இயக்கவேண்டும்; குளிரில் விறைத்த கைகளுக்கு அதில் ஆபத்துண்டு. கழற்றும் பெட்டியாயின் ஒரே அழுத்தத்தில் தோட்டாக்கள் கையில் வந்துவிடும். வீட்டில் பெட்டியை ஓரிடத்திலும் துப்பாக்கியை வேறிடத்திலும் பூட்டி வைக்கலாம். குண்டடிபட்ட மான் துடித்து ஓடும்போது, மறுகுண்டு ஆயத்தமாக இருப்பது அவ்வுயிரின் வேதனையைக் குறைக்கவும் உதவும். அந்நாட்டின் வடபகுதியில் ரோந்து செல்லும் ரேஞ்சர்கள் துருவக் கரடிகளிடமிருந்து தற்காத்துக்கொள்ள இத்தகைய துப்பாக்கியையே ஏந்துகின்றனர். எதைச் செய்தாலும் செம்மையாகச் செய்க, அறுக்கும்போது கத்தியைத் தீட்டிப் பிராணிக்கு நோவைக் குறைத்திடுக என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்த இஹ்ஸானுக்கு, நல்ல கருவி துணையே புரிகிறது.

ஆயின் மறுபக்கமும் உண்டு. இத்தகைய பெட்டியை வகுத்தவர் ஜேம்ஸ் பாரிஸ் லீ என்பவர். ஸ்காட்லாந்தில் பிறந்து, கனடாவில் வளர்ந்து, அமெரிக்காவில் தொழில் புரிந்த அவர் 1879இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அவர் பெயர் தாங்கியதே ‘லீ என்ஃபீல்டு’ ரைபிள். கல்கத்தாவை அடுத்த இஷாப்பூரிலும் அது செய்யப்பட்டது. ‘த்ரீ நாட் த்ரீ’ என்று நம் நாட்டில் காவலர் தோளில் பல்லாண்டு தொங்கியதும் அதுவே. அதன் பெட்டி பத்துத் தோட்டா கொள்ளும். அதைப் படைவீரர் கையில் கொடுத்த ஆங்கிலேயத் தளபதிகளுக்கு ஓர் அச்சம் இருந்தது: பத்தும் கைக்கெட்டும் நிலையில் இருந்தால் வீரன் குறி பாராது சுட்டுத் தீர்த்துவிடுவான் என்பதே அது. ஆகவே பெட்டியின் வாயை மூடும் இரும்புத் தகடு ஒன்றை அமைத்தனர். தகடு மூடியிருக்கும் வரை, வீரன் ஒவ்வொரு தோட்டாவாகக் கையால் இட்டுச் சுடவேண்டும். பெட்டியிலுள்ளவை நெருக்கடிக்கென்று காத்திருக்கும். பின்னர் முதல் உலகப் போரின் நடுவில், துப்பாக்கிகளை விரைந்து பெருந்தொகையாகச் செய்யவேண்டி வந்தபோது, அத்தகட்டைக் கைவிட்டனர்.

தகடு போயிற்று, அது செய்துவந்த வேலையை யார் செய்வது?

1919 ஏப்ரல் 13ஆம் நாள் அமிர்தசரஸ் ஜாலியன்வாலா பாகில் நிகழ்ந்ததை நாடறியும். ஜெனரல் டயரின் ஆணைப்படி ஐம்பது பேர் சுமார் பத்து நிமிடங்கள் சுட்டனர். செலவான தோட்டாக்கள் 1650. ஆளுக்குச் சராசரி முப்பத்து மூன்று. அரசுக் கணக்கே 379 பேர் மாண்டதாகச் சொல்லிற்று. அவர்கள் கையில் இருந்தவை தாமே சுட்டுக்கொண்டே போகும் இயந்திரத் துப்பாக்கிகள் அல்ல. ஒவ்வொரு குண்டுக்கும் கையால் போல்ட்டை இழுத்துத் தள்ளவேண்டிய ரைபிள்களே. எனவே ஒவ்வொரு குண்டுக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு கணம் இருக்கவே செய்தது. பெட்டி காலியானதும் மீண்டும் நிரப்ப மற்றொரு கணமும் இருந்தது. அக்கணங்கள் யாவும் வீணாயின. இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துவது யாது? கருவியிலுள்ள தடை, சிந்திக்க ஓர் இடைவெளியைத் தரும், சிந்தனையைத் தராது. உள்ளத்தில் தடையற்றவனைக் கருவியின் தடை காப்பாற்றுவதில்லை.

அங்ஙனமாயின் உள்ளத்தில் தடையை அமைப்பது எப்படி? இங்குதான் நம் முன்னோர் வகுத்த ஃபிக்ஹுக் கலையின் நுட்பம் விளங்குகிறது. வேட்டையைப் பற்றிய பாடத்தை நாம் மாணவர்க்கு ஓதிக்கொடுக்கும்போது, வழக்கொழிந்த செய்தியென்று பலர் அதை விரைந்து கடந்துவிடுவதுண்டு. ஆனால் இமாம் மர்கீனானீ (ரஹ்) அவர்கள் ‘ஹிதாயா’வில் விளக்கும் ஒரு வேற்றுமையைப் பாருங்கள். ஆட்டை அறுக்கும்போது பிஸ்மில்லாஹ் கூறுவது அப்பிராணியின் மீதாகும். பிஸ்மில்லாஹ் கூறியபின் கையிலிருந்த கத்தியை வைத்துவிட்டு வேறு கத்தியால் அறுத்தாலும் குறையில்லை. வேட்டையிலோ அது கருவியின் மீதாகும். ஓர் அம்பின் மீது பிஸ்மில்லாஹ் கூறிவிட்டு, அதை வைத்துவிட்டு வேறோர் அம்பை எய்தால், முன்பு கூறியது பின்னதற்குச் செல்லாது, மீண்டும் கூறவேண்டும். இது ஹனஃபி மத்ஹபின் சட்டம். ஷாஃபிஈ மத்ஹபில் பிஸ்மில்லாஹ் கூறுவது சுன்னத்தேயாயினும், அதன் சிறப்பை யாரும் மறுப்பதில்லை.

அறிஞர்கள் ஏன் இவ்வளவு நுணுகினர்? அறுப்பவன் கைக்குள் பிராணி இருக்கிறது. எய்பவன் கையிலிருந்தோ அம்பு போய்விடுகிறது. போனபின் அதைத் திருப்ப முடியாது. ஆகவே போகுமுன் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே இறைவனின் பெயரால் அனுமதி பெற்றாக வேண்டும் என்பது அதன் உட்பொருளாக நமக்குத் தோன்றுகிறது. பெட்டியில் பத்துத் தோட்டாக்களை முன்கூட்டி நிரப்பலாம். பத்து பிஸ்மில்லாஹ்வை முன்கூட்டி நிரப்பிவைக்க இயலுமா? ஆங்கிலேயர் இரும்பால் அமைத்துப் பின் கைவிட்ட தகட்டை, நம் ஃபிக்ஹு நாவில் அமைத்து இன்றளவும் காத்துவருகிறது.

வேறு சட்டங்களும் இதே பாதையில் செல்கின்றன. அம்பு பட்ட பிராணி நீரில் விழுந்து இறந்து கிடந்தால், கொன்றது அம்போ நீரோ என்ற ஐயத்தால் அதை உண்ணலாகாது என்பது நபிமொழி. உயிருள்ள பிராணியைக் குறிபார்த்துப் பழகும் இலக்காக நிறுத்துவதும் தடுக்கப்பட்டது. துப்பாக்கிக் குண்டால் இறந்த பிராணியைப் பற்றிக் கருத்து வேற்றுமையுண்டு. குண்டு கூர்மையால் அன்றி வேகத்தாலும் சூட்டாலும் கொல்வதால் ஆகாது என்றார் 1836இல் வஃபாத்தான அல்லாமா இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்கள். உடலைத் துளைத்துச் செல்வதால் ஆகும் என்றார் யமன் நாட்டு அறிஞர் ஷவ்கானீ (ரஹ்) அவர்கள். உயிர் நிலைத்திருக்கும்போதே கண்டு முறைப்படி அறுத்துவிட்டால் யாவரிடத்தும் ஹலாலே. இவ்விதிகளைச் சேர்த்து நோக்கின், வேட்டைக்காரன் தான் விடுத்த ஒவ்வொன்றுக்கும் கணக்குச் சொல்லவேண்டியவன் என்பது தெளிவாகிறது. எத்தனை விடுத்தோம் என்றே அறியாதவன் எப்படிக் கணக்குச் சொல்வான்?

மேலும் ஒன்று. இஹ்ராம் உடையில் இருந்தோரை இறைவன், கைக்கும் ஈட்டிக்கும் எட்டும் அண்மையில் வேட்டைப் பிராணிகளைக் கொண்டு சோதிக்கும் செய்தி ஸூரத்துல் மாயிதாவில் வருகிறது. எட்டாத பொருளில் சோதனை ஏது? எட்டுவதிலன்றோ அது இருக்கிறது! கருவி வளர வளர மனிதனுக்கு எட்டும் தொலைவு வளர்கிறது. எட்டும் தொலைவு வளர வளரச் சோதனையும் வளர்கிறது.

ஆகவே நாம் வந்தடையும் முடிவு இது: கருவியிலிருந்து ஒரு தடையை நீக்குவது பாவமாகாது. ஆனால் தடையை நீக்குபவன், அத்தடை இதுகாறும் சுமந்துவந்த பொறுப்பைத் தன் உள்ளத்தில் ஏற்றிக்கொள்ளக் கடமைப்பட்டவன். ஏற்றிக்கொள்ளாமல் நீக்குவானாயின், இறைவன் அளித்த அமானத்தைக் கீழே போட்டவனாகிறான். இது துப்பாக்கிக்கு மட்டும் உரிய நீதியன்று. மையில் தொட்டுத் தொட்டு எழுதிய நாளில், ஒரு சொல்லுக்கும் மறுசொல்லுக்கும் இடையே எழுதுகோல் மைக்கூட்டுக்குச் சென்று மீண்டது. இன்று கைப்பேசியில் விரல் பட்டதும் ஒருவரின் மானம் ஊரெல்லாம் பறக்கிறது. மைக்கூட்டை நீக்கினோம், அது கற்பித்த நிதானத்தை உள்ளத்தில் ஏற்றினோமா?

மாணவர் தம் மடலின் இறுதியில், கடைக்காரர் தந்த எச்சரிக்கை ஒன்றையும் குறித்திருந்தார். பெட்டியைக் கழற்றிவிட்டதும் துப்பாக்கி காலியாகிவிட்டதென்று பலர் எண்ணிவிடுகின்றனராம். முன்பே குழலுக்குள் ஏறிவிட்ட ஒரு தோட்டா அங்கேயே இருக்கும். பெட்டியோடு அது வராது. போல்ட்டைத் திறந்து கண்ணால் பார்த்து, விரலால் தடவி உறுதி செய்தாலன்றி அதை அறிய முடியாது. இதனைப் படித்தபோது நாம் சற்றுநேரம் அம்மடலைக் கீழே வைத்துவிட்டோம். வெளிப்பாவங்களைப் பெட்டியோடு கழற்றி எறிந்துவிட்டு, உள்ளே ஏறிக்கிடக்கும் ஒரு கோபத்தை, ஒரு பெருமையைத் திறந்து பாராமல், நாம் தூய்மையடைந்துவிட்டோம் என்று எண்ணித் திரிந்த நாட்கள் எத்தனை!

தம்பி, உமக்கு நாம் எழுதிய மறுமொழி இதுதான்: பெட்டியைப் பொருத்திக்கொள்வதில் தடையில்லை. ஆனால் முதற்குண்டை, அது ஒன்றே உம்மிடம் உள்ளது போல் எண்ணிச் சுடும். மறுகுண்டை, அடிபட்ட உயிரின் நோவு தீர்ப்பதற்கென வைத்திரும். ஒவ்வொன்றுக்கும் தனியே பிஸ்மில்லாஹ் கூறும். அதைக் கூற உம் நாவுக்கு நேரமில்லையென்றால், சுடவும் உமக்கு நேரமில்லை என்று அறிந்துகொள்ளும். உம் உள்ளத்தின் தயக்கத்தை ஒரு குறையென்று எண்ணற்க. இரும்பிலிருந்து கழன்ற தகடு அங்கே வந்து பொருந்தியிருக்கிறது. அதைப் பேணிக்கொள்ளும்.

களஞ்சியத்தையும் அளவையும் தன் கையில் வைத்திருக்கும் வல்ல நாயன், நமக்கு வசதியை அருளும்போதெல்லாம் அதற்கேற்ற நிதானத்தையும் சேர்த்து அருள்வானாக! ஆமீன்.